பாழுங்கிணறு, பயன்படாத போர்வெல்: மேலே கல்லை வைத்து மூடினால் போதுமா? நிலத்தடி நீரைக் காக்க என்ன செய்ய வேண்டும்?

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் சென்னைக்கு வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த கோடை அது. அரக்கோணம், ஆவடி, அண்ணனூர், அம்பத்தூர் வழியாகப் போய் வில்லிவாக்கத்தில் அந்த ரயில் நின்றது. அன்றைக்கு அந்த ரயிலை வேடிக்கை பார்த்தவர்களில் பலருடைய வீட்டு போர்வெல்லிலும் தண்ணீர் கீழே போயிருந்தது. லாரித் தண்ணீருக்கு புக் பண்ணிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம்.

வெளியூரில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் புறநகர் மனைகளில், நம் காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீரை நாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்தக் கெடுதல் நுழைகிற வழிகளில் ஒன்று, யாரும் கண்டுகொள்ளாத பழைய கிணறும் பயன்படாத போர்வெல்லும்.

ஒரு மனை, மூன்று ஓட்டைகள்

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு பழைய மனையின் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் அங்கே 25, 30 அடி ஆழத்தில் ஓர் உறைக் கிணறு. தாத்தா காலத்தில் வாளியும் கயிறும், அப்பா காலத்தில் சின்ன மோட்டார். பிறகு தண்ணீர் மட்டம் இறங்கியதும் 100 அடிக்கு ஒரு போர். அதுவும் வற்றியதும் கொஞ்சம் தள்ளி, இன்னும் ஆழமாக இன்னொரு போர். கடைசியில் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது பில்டர் புதிதாக ஒன்று போடுவார்.

புதுசு போட்டதும் பழசு என்ன ஆகிறது? போர் என்றால் மோட்டாரையும் பைப்பையும் கழற்றி எடுத்துக்கொண்டு, வாயில் ஒரு கல்லையோ பழைய பெயின்ட் டப்பாவையோ கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கிணறு என்றால் அது குப்பைத் தொட்டி. வீடு இடித்த ரப்பீஷ், உடைந்த டைல்ஸ், சிமென்ட் சாக்கு, சில இடங்களில் கழிவுநீர்கூட அதற்குள்தான். மேலே மண்ணைப் போட்டு மட்டம் செய்து, அதன்மேல் கார் பார்க்கிங். பிரச்சினை முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதனால் என்ன? தண்ணீருக்கு என்ன ஆகிவிடும்?

இதைப் புரிந்துகொள்ள, மழைநீர் பூமிக்குள் இறங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். தரையில் விழும் தண்ணீர் மண், மணல், களிமண் என ஒவ்வோர் அடுக்காக மெதுவாக ஊறி இறங்குகிறது. இறங்கும் வழியில் மண் துகள்கள் அழுக்கைப் பிடித்துக்கொள்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. நோய்க் கிருமிகளில் பல இந்தப் பயணத்திலேயே செத்துப்போகின்றன. பூமி நமக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் வாட்டர் ஃபில்டர் இது.

திறந்து கிடக்கும் ஒரு போர்வெல் அந்த ஃபில்டரில் போட்ட நேரடி ஓட்டை. தெருவில் ஓடும் சாக்கடை கலந்த மழைநீர், மண் வழியாகப் பல நாள் எடுத்து இறங்க வேண்டியது, குழாய் வழியாகச் சில நொடிகளில் நீர்த்தாங்கி அடுக்கைத் தொட்டுவிடும். வடிகட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. பூமிக்கு அடியில் தண்ணீர் ஒரே தொட்டியாக இருப்பதில்லை. மேலே ஓர் அடுக்கு. அதற்குக் கீழே களிமண்ணோ ஷேல் பாறையோ தடுப்புச் சுவர்போல. அதற்கும் கீழே இன்னோர் அடுக்கு. மேற்குப் புறநகரில் இதுபோன்ற களிமண், ஷேல் அடுக்குகள் உண்டு. செப்டிக் டேங்க் கசிவால் மேல் அடுக்கு கெட்டாலும், நடுவில் இருக்கும் தடுப்பு கீழ் அடுக்கைக் காப்பாற்றும். ஆனால் 200 அடி போர் அந்தத் தடுப்பைக் குத்திக்கொண்டு போகிறது. கைவிட்டு வருடங்கள் ஆகி, கேசிங் பைப் துருப்பிடித்தோ உடைந்தோ போனால், மேல் அடுக்கின் கெட்ட தண்ணீர் கீழே கொட்ட ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கீழ் அடுக்கில் இருந்து மோட்டார் போட்டு உறிஞ்சும்போது அந்த இறக்கம் இன்னும் வேகமாகும்.

அதாவது, உங்கள் மனையில் இருக்கும் ஓட்டையின் பலனை அனுபவிப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவருடைய ஓட்டையின் பலனை நீங்கள் அனுபவிக்கலாம். நிலத்தடி நீருக்கு காம்பவுண்டு சுவர் கிடையாது.

புறநகரில் இது ஏன் கூடுதல் சிக்கல்?

காரணங்கள் மூன்று.

ஒன்று, செப்டிக் டேங்க். குடிநீர்க் கிணறும் செப்டிக் டேங்கின் கசிவுக் குழியும் குறைந்தது 50, 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது கட்டுமானத் துறையின் பொதுவான பாடம். அரை கிரவுண்டு மனை என்றால் 1,200 சதுர அடி. 30-க்கு 40 அளவு. அந்த மனைக்குள் 60 அடி இடைவெளிக்கு எங்கே போவது? உங்கள் போருக்கும் பின்வீட்டு செப்டிக் டேங்குக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கும். இப்படி நெருக்கமாக இருக்கும் இடத்தில், கைவிட்ட கிணறு ஒன்றும் சேர்ந்துகொண்டால் கழிவுக்குக் குறுக்குவழி கிடைத்த மாதிரி.

இரண்டு, வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் தேங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் என்றால், அதே தண்ணீருக்கு அடியில்தான் மூடி இல்லாத பழைய போரும் இருந்திருக்கும். அந்தச் சில நாட்களில் அதற்குள் இறங்கியது மழைநீர் மட்டுமல்ல; சாக்கடை, பெட்ரோல், டீசல் எல்லாம் சேர்த்துத்தான்.

மூன்று, தொழிற்சாலைகள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் இருந்து இயங்குகிறது. எண்ணெய், கரைப்பான், உலோகக் கழிவு போன்றவை ஒருமுறை நிலத்தடிக்குப் போனால் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடப்பட்டது 1990-களில். அங்கே குவித்துவைத்த குரோமியக் கழிவின் பாதிப்பு சுற்றுவட்டார நிலத்தடி நீரில் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்தது. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் 2013-ல் குழாய்க் கசிவால் வீட்டு போர்வெல் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. ஏரி கெட்டால் அடுத்த மழையில் கொஞ்சமாவது மாறும். நிலத்தடி நீர் கெட்டால் தலைமுறைக் கணக்கு.

'டிடிஎஸ் 300-தான் காட்டுது, நல்ல தண்ணிதானே?'

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டும்தான். கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. எண்ணெய், பூச்சிமருந்து பற்றியும் சொல்லாது.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500-ன்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆனால் அதே தரத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. மனிதக் கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டும்தான். நைட்ரேட் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறைவதால் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

டிடிஎஸ் 300 என்று காட்டும் தண்ணீரிலும் கோலிஃபார்ம் இருக்கலாம். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, முக்கியமாக மழைக்காலம் முடிந்ததும், ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 அக்டோபர் 25-ம் தேதி மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாட்கள் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அக்டோபர் 29 அதிகாலையில் உடல்தான் மீட்கப்பட்டது. அதன் பிறகு மாநிலம் முழுக்கத் திறந்துகிடக்கும் போர்களை மூடும் வேலை நடந்தது. அவற்றை மழைநீர் சேகரிப்புக்கு மாற்றலாம் என்றும் குடிநீர் வடிகால் வாரியம் அறிவுறுத்தியது.

ஆனால் விதிகள் அதற்கு முன்பே இருந்தன. 2009-ல் தொடங்கிய வழக்கில் 2010 பிப்ரவரி 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்குமான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. அதில் முக்கியமானவை:

- போர் போடுவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் நில உரிமையாளர் அதிகாரிகளுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்.
- ரிக் வைத்திருக்கும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.
- வேலை நடக்கும்போது அறிவிப்புப் பலகையும் வேலியும் வேண்டும்.
- கேசிங் பைப்பைச் சுற்றி சிமென்ட் மேடை கட்ட வேண்டும். தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், தரைக்குக் கீழே 30 சென்டிமீட்டர்.
- வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது போல்ட் போட்ட உறுதியான மூடி வேண்டும்.
- மோட்டார் ரிப்பேருக்காகக் கழற்றினாலும் குழியைத் திறந்து போடக் கூடாது.
- கைவிடும் போரை அடியில் இருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், கூழாங்கல் போன்றவற்றால் நிரப்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதிகளுக்கென்று கிணறு தோண்டுதல் மற்றும் பாதுகாப்பு விதிகள் 2015-ல் வந்தன. சென்னை பெருநகரப் பகுதிக்கு 1987-ம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. கிணறு தோண்ட அனுமதி, தண்ணீரை லாரியில் எடுத்துச்செல்ல உரிமம் ஆகியவை அதன்கீழ் வரும். மாநிலம் முழுவதற்குமாக 2003-ல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம், 2013-ல் ரத்தாகிவிட்டது.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல், குழந்தைகள் விழுந்து சாகக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. அதற்கு மணலும் கூழாங்கல்லும் போதும். குழி நிரம்பிவிட்டால் யாரும் விழ முடியாது. ஆனால் மணல் வழியாகத் தண்ணீர் தாராளமாக இறங்கும். அதாவது, மணல் போட்டு நிரப்பிய போர் குழந்தைக்குப் பாதுகாப்பு. நிலத்தடி நீருக்கு அது இன்னும் பாதி திறந்த கதவுதான்.

மூடுவது, தூர்ப்பது, அடைப்பது: மூன்றும் ஒன்றல்ல

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'மூடிட்டோம்' என்றுதான் சொல்கிறோம். வேலை என்று வரும்போது மூன்றும் வேறு வேறு.

மூடுவது என்றால் வாயில் மூடி போடுவது. ஆள் விழாது, கொசு போகாது. பிற்பாடு திரும்பவும் பயன்படுத்தப்போகிறோம் என்றால் இது போதும். சென்னையில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்ஸி கொசு, கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான் முட்டையிடும் என்பதால் கிணற்றுக்குக் கொசு வலையோடு மூடி போடுவது கட்டாயம்.

தூர்ப்பது என்றால் குழியை நிரப்புவது. நிரப்பும் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. ரப்பீஷ் போட்டுத் தூர்த்த கிணறு, நிலத்தடி நீருக்குள் புதைத்த குப்பைமேடு. அதோடு, பெரிய இடிபாடுகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். இரண்டு மழைக்காலம் போனதும் மண் இறங்கி, மேலே போட்ட பார்க்கிங் தளம் உள்வாங்கலாம்.

அடைப்பது என்றால் தண்ணீர் மேலிருந்து கீழேயோ, ஓர் அடுக்கில் இருந்து இன்னோர் அடுக்குக்கோ போக முடியாதபடி செய்வது. நிலத்தடி நீரைக் காப்பாற்றுவது இதுதான்.

போர்வெல்லை எப்படிச் சரியாக அடைப்பது?

1. உள்ளே இருக்கும் மோட்டார், பைப், ஒயர், கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். மோட்டார் சிக்கியிருந்தால் போர் வேலை செய்பவர்களைக் கூப்பிடுவதுதான் வழி.

2. கயிற்றில் எடை கட்டி இறக்கி ஆழத்தை அளக்க வேண்டும். போர் போட்டபோது 200 அடி என்று சொல்லியிருப்பார்கள். இப்போது 140 அடியில் எடை நின்றால் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது அல்லது சரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

3. தண்ணீர் இருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும்.

4. தண்ணீர் வரும் அடுக்குகளுக்கு நேராகச் சுத்தமான மணலோ சிறு ஜல்லியோ போடலாம். அவற்றுக்கு இடையிலும், முக்கியமாக மேலே உள்ள 20 அடி அளவுக்கும், சிமென்ட் கலவை அல்லது பென்டோனைட் களிமண் போட்டு அடைக்க வேண்டும். பென்டோனைட் தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதி, இடுக்கு இல்லாமல் இறுகிவிடும். குஜராத்தின் கச்சில் வெட்டி எடுக்கிறார்கள். சென்னையில் பைலிங் வேலை நடக்கும் இடங்களில் பயன்படும் அதே பொருள்தான். கட்டுமானத் துறை ஆட்களுக்குப் புதிதல்ல.

5. சிமென்ட் கலவையை மேலே இருந்து கொட்டக் கூடாது. ஒரு சின்னக் குழாயை அடிவரை விட்டு, அதன் வழியாக ஊற்றி, நிரம்ப நிரம்பக் குழாயை மேலே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடமாக நின்றுவிடும்.

6. கடைசியாக, கேசிங் பைப்பைத் தரைக்குச் சில அடி கீழே வெட்டி, கான்கிரீட் மூடி போட்டு, மேலே மண்ணைச் சற்று மேடாக அணைக்க வேண்டும். மழைநீர் அந்த இடத்தில் தேங்காமல் விலகி ஓட வேண்டும்.

இதற்கு எவ்வளவு பொருள் தேவைப்படும்? பயப்படும் அளவுக்கு இல்லை. 6.5 அங்குல அகலம், 200 அடி ஆழம் உள்ள போரின் மொத்தக் கொள்ளளவு சுமார் 46 கன அடிதான். ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. அதாவது, அரை யூனிட்டுக்கும் குறைவு. இந்தக் கணக்கு சரிபார்க்கவும் உதவும். 20 கன அடி போட்டதுமே போர் நிரம்பிவிட்டது என்று மேஸ்திரி சொன்னால், நடுவில் எங்கோ அடைத்துக்கொண்டது என்று பொருள்.

கிணறு என்றால் கணக்கு வேறு. 5 அடி அகலம், 30 அடி ஆழக் கிணற்றுக்கு ஏறத்தாழ 590 கன அடி, அதாவது 6 யூனிட் அளவு மண் தேவை. முதலில் உள்ளே கிடக்கும் குப்பையை எடுக்க வேண்டும். பிறகு சுத்தமான மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே உள்ள சில அடி உறைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் களிமண்ணால் நிரப்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பல வருடம் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இல்லாமலோ விஷவாயு நிரம்பியோ இருக்கலாம். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

எல்லாக் கிணற்றையும் அடைக்கத்தான் வேண்டுமா?

இல்லை. இதுதான் பலரும் குழம்பும் இடம். ஒரு பக்கம் கிணற்றை அடை என்கிறார்கள். இன்னொரு பக்கம் கிணற்றில் மழைநீரை விடு என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி. கிணற்றுக்குள் எந்தத் தண்ணீர் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழும் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 லட்சம் லிட்டர். வீணாகும் பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் எட்டு லோடு. சென்னையின் 'மழை இல்லம்' அமைப்பைச் சேர்ந்த சேகர் ராகவன் போன்றவர்கள், அகலமான திறந்த கிணறுதான் இந்த மாடித் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பச் சிறந்த வழி என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக வலியுறுத்திவருகிறார்கள்.

எனவே, பழைய கிணறு கிடைத்தால் அதைத் தூர்ப்பதற்கு முன் தூர் வாரிப் பார்க்கலாமா என்று யோசிப்பதே நல்லது. முடிவெடுக்க இந்தக் கேள்விகள் உதவும்:

- மொட்டை மாடித் தண்ணீரை மட்டும், ஜல்லி, மணல் வடிகட்டி வழியாக விட முடியுமா? முடியும் என்றால் கிணற்றைக் காப்பாற்றலாம். தெருத் தண்ணீர், வாசல் கழுவும் தண்ணீர், கார் கழுவும் தண்ணீர் வரும் என்றால் வேண்டாம்.
- செப்டிக் டேங்க் ஒட்டியே இருக்கிறதா? வெள்ளத்தில் மூழ்கும் பள்ளமான இடமா? பக்கத்தில் பட்டறை, மெக்கானிக் ஷெட், ரசாயனக் கிடங்கு இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அடைப்பதே பாதுகாப்பு.
- அது ஆழமான போரா? அப்படியென்றால் கூடுதல் கவனம் வேண்டும். திறந்த கிணற்றில் விடும் தண்ணீர் கொஞ்சமாவது மண்ணில் வடிகட்டப்படும். போரில் விடுவது நேராக ஆழத்துக்குப் போகும். வடிகட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாத வீட்டில் போர்வெல் ரீசார்ஜ் செய்யாமல் இருப்பதே மேல்.
- கேசிங் உடைந்துவிட்டதா, ஆழம் எவ்வளவு என்றே தெரியவில்லையா? அடைத்துவிடுங்கள்.

வீடு வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நிலத்தை விற்பவர் அதில் எத்தனை கிணறுகள் இருக்கின்றன, அவை பயன்பாட்டில் இருக்கின்றனவா, அடைக்கப்பட்டவையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பயன்படாத கிணற்றை உரிமம் பெற்றவர்தான் அடைக்க முடியும். அடைத்ததற்குப் பதிவும் இருக்கும்.

நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரியும், கைமாறிய விவரம் தெரியும்; எந்த மூலையில் எத்தனை அடியில் பழைய போர் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் நமக்கும் ஒரு வழி இருக்கிறது: மூலப் பத்திரம். பழைய பத்திரங்களின் சொத்து விவரத்தில் கிணறு, கிணற்றுப் பங்கு, பம்ப்செட் என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. அண்ணனூர் போல வயலும் தோப்பும் பக்கத்தில் இருந்து, பிறகு மனையாக மாறிய பகுதிகளில் இது ரொம்பவே உபயோகமான தகவல். பத்திரத்தில் கிணறு இருந்து, மனையில் கிணறு இல்லை என்றால், அது எங்கே போனது, எதைப் போட்டு நிரப்பினார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். அதன் மேலேயே தூண் நிற்கிறதா என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே?

வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடுக்குமாடியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் மூன்று கேள்விகளை வையுங்கள். நம் வளாகத்தில் மொத்தம் எத்தனை போர்? எத்தனை ஓடுகிறது? ஓடாததை என்ன செய்து வைத்திருக்கிறோம்? வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால், பிளம்பரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வளாகத்தை ஒரு சுற்று சுற்றினால் போதும். ஒவ்வொன்றின் இடம், ஆழம், நிலை ஆகியவற்றை எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடைத்தால் அடைத்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அங்கே புதிதாக போர் போட வருபவருக்கு அதுதான் வரைபடம்.

தெருவிலோ காலி மனையிலோ திறந்துகிடக்கும் போரைப் பார்த்தால், மாநகராட்சிக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ போட்டோவுடன் புகார் கொடுக்கலாம். வழிகாட்டுதல்கள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. அதிகாரிகள் வரும்வரை யாரும் தூக்க முடியாத கனமான பலகையோ சிலாப்போ போட்டு வையுங்கள். பெயின்ட் டப்பா மூடி அல்ல.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதங்களில்தான் பெய்யும். தெருவில் தண்ணீர் நின்ற பிறகு எந்த ஓட்டையையும் அடைக்க முடியாது. செப்டம்பருக்குள் வீட்டின் பின்பக்கம் போய், அந்தப் பழைய குழாயின் மேல் வைத்திருக்கும் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.